இல்லாத யந்திரத்துக்கு இன்னொரு வட்டு

யோங் பெங் என்றதும் மலேசியாவின் தென்பகுதியில் பிரயாணம் செய்கிறவர்களுக்கு நினைவில் எழுவது, கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடும் எக்ஸ்பிரஸ் பஸ்கள் சற்று நின்று இளைப்பாறும் ஊர் என்பதுதான். பத்து பகாட் மாவட்டத்தைச் சேர்ந்த இந்தச் சிறு பட்டணத்தைச் சுற்றி, ஒரு காலத்தில் பால்மரமும் இன்று பெரும்பாலும் செம்பனையுமாக விரிந்து கிடக்கும் தோட்டங்களைத் தவிர விசேஷமாகப் பார்க்க எதுவுமில்லை என்று தீர்மானித்து, சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறவர்களே அதிகம். அந்த பஸ் தெற்கு நோக்கிப் போவதாயிருந்தால், ஆயர் ஈத்தாமும் சிம்பாங் ரெங்கமும் கழிந்து, செடெனாக், கூலாய் வட்டாரத்தை அடைகையில், தோட்டங்களாகவே இருந்த நிலப்பரப்பில் புதுவகையான கட்டடங்கள் எழுந்து வருவதை அவர்கள் அறிவார்கள். அவை தரவு மையங்கள். மனிதர்கள் வசிப்பதற்கல்லாமல் கணினிகள் வசிப்பதற்கென்றே கட்டப்பட்டவை.

நிலமும் மின்சாரமும் அருமையான சிங்கப்பூர், 2019-இல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி வழங்குவதை நிறுத்தி வைத்து, 2022-இல்தான் கடும் நிபந்தனைகளோடு மறுபடி தொடங்கியது. அந்த இடைவேளையில் ஜலசந்திக்கு இப்பால் இருக்கும் ஜொகூரின் மீது முதலாளிகளின் திருஷ்டி விழுந்ததில் ஆச்சரியமில்லை. கூலாயில் ஒய்.டி.எல். நிறுவனம் 500 மெகாவாட் மின்சக்தியை உத்தேசித்து அமைத்து வரும் பசுமைத் தரவு மையப் பூங்காவும், செடெனாக் தொழில்நுட்பப் பூங்காவில் பிரின்ஸ்டன் டிஜிட்டல் குழுமம் 2024-இல் திறந்த மையமும் இந்த வரிசையைச் சேர்ந்தவை. இவை குடிக்கும் தண்ணீரையும் உண்ணும் மின்சாரத்தையும் பற்றி ஜொகூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய உண்டு; இங்கே நான் எடுத்துக்கொண்ட விஷயம் அதைவிடச் சிறியது.

இத்தகைய மையத்தில் இருக்கும் பெரிய கணினி ஒன்றை ஒரே மனிதர் உபயோகிப்பது அபூர்வம். நமது தோட்டங்களில் பழைய லயங்களை அறிந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம்: ஒரே கூரை, ஒரே நீண்ட கட்டடம், ஆனால் நடுவே பலகைச் சுவர்கள், ஒவ்வொரு குடும்பமும் தன் வாசலைத் திறந்து தன் அடுப்பை மூட்டித் தனி வீட்டில் இருப்பதாகவே பாவித்து வாழ்ந்தது. ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் கணினிக்குள் எழுப்பும் சுவர்களும் அத்தகையவையே. ஒரு யந்திரத்தின் சக்தியைப் பங்கிட்டுப் பல யந்திரங்களாகத் தோன்றச் செய்கிறது; அவ்வாறு தோன்றும் ஒவ்வொன்றையும் மெய்நிகர் கணினி என்கிறோம். அதற்குள் ஓடும் லினக்ஸோ விண்டோஸோ, தனக்கென்று ஒரு செயலியும் நினைவகமும் வட்டும் இருப்பதாகப் பரிபூரணமாக நம்பி, தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

2023 மார்ச்சில் ஜொகூரைத் தாக்கிய வெள்ளத்தில் யோங் பெங்கும் தப்பவில்லை. அதைப் பார்த்த ஒரு கணக்காளர், தம் கடையின் கணினியைத் தரையில் வைப்பது புத்தியல்ல என்று கருதி, மாத வாடகைக்கு ஒரு மெய்நிகர் கணினியை எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூறு ஜிகாபைட் வட்டு தாராளம் என்றுதான் தொடங்குவார். ரசீதுகளின் படங்களும், வாடிக்கையாளர்களின் பத்திரங்களும், வருஷா வருஷம் வைத்தே தீரவேண்டிய வரிக்கணக்குகளும் சேரச்சேர, ஒருநாள் இடமில்லை என்ற செய்தி வந்து நிற்கும். மேஜைக் கணினியாயிருந்தால் கடைக்குப் போய் ஒரு வன்தட்டு வாங்கி வந்து, பெட்டியைத் திறந்து திருகாணி முடுக்கலாம். இங்கே திறப்பதற்குப் பெட்டி ஏது?

இந்தக் கேள்வி நாம் நினைப்பதைவிடப் பழையது. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் உலகுக்கு அளித்த முதல் வட்டுச் சேமிப்புச் சாதனம், இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகளை அடுக்கி, ஒரு டன்னுக்கு மேல் கனத்து, ஐம்பது லட்சம் எழுத்துகளை மட்டுமே சேமித்தது; அவ்வளவு அருமையான பொருளை முழுதாக ஒருவருக்குக் கொடுத்துவிட எந்த ஸ்தாபனத்துக்கும் மனம் வராது. ஆகவே, அந்நிறுவனத்தார் 1972 ஆகஸ்டில் அறிவித்த வி.எம்./370 என்ற மென்பொருள், மெய்யான வட்டின் தொடர்ச்சியான ஒரு பகுதியை வெட்டியெடுத்து, அதையே ஒரு முழு வட்டாக மெய்நிகர் யந்திரத்துக்குக் காட்டியது. அதற்கு மினிடிஸ்க் என்று பெயர். இன்று நடப்பதும் தத்துவத்தில் அதுவேதான். பெரும்பாலும் ஒரு பெரிய கோப்பு, அல்லது பல வட்டுகளில் சிதறிக்கிடக்கும் துண்டுகளின் தொகுதி, வட்டின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது.

எனவே கணக்காளர் செய்யவேண்டியது, மேலாண்மைப் பக்கத்தில் நுழைந்து, இருநூறு ஜிகாபைட் வட்டு ஒன்றை உண்டாக்கி, இந்தக் கணினியோடு இணை என்று கட்டளையிடுவதுதான். இரண்டொரு நிமிஷத்தில் அது முடிந்துவிடும். அமேசான் போன்ற நிறுவனங்களில் ஒரு நிபந்தனை உண்டு: வட்டும் கணினியும் ஒரே வளாகப் பிரிவில் இருந்தால்தான் ஒன்றோடொன்று இணையும். 2024 ஆகஸ்டில் அந்நிறுவனம் மலேசியாவில் தொடங்கிய பிராந்தியத்தில் அத்தகைய பிரிவுகள் மூன்று. கணினியை ஒன்றிலும் வட்டை இன்னொன்றிலும் உண்டாக்கிவிட்டால் இணைக்க வழியில்லை.

இணைத்த பிறகு கணினியில் போய்ப் பார்த்தால், பழைய இடம் பழைய அளவிலேயே இருக்கும்! அநேகர் திகைத்துப் போவது இந்தக் கட்டத்தில்தான். புதிய வட்டு வந்துவிட்டது; ஆனால் அது கோடு போடாத வெற்றுப் பரப்பு. விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற கருவியைத் திறந்து, வட்டை ஆன்லைனுக்குக் கொண்டுவந்து, பார்ட்டிஷன் போட்டு, பார்மட் செய்து, ஓர் எழுத்தைப் பெயராகச் சூட்டவேண்டும். லினக்ஸிலோ புதிய வட்டு பல அமைப்புகளில் எஸ்டிபி என்றோ விடிபி என்றோ பெயர் தாங்கி வரும். அதில் எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறையை எழுதி, ஏதேனும் ஒரு கோப்புறையில் மவுண்ட் செய்தாலன்றி ஓரெழுத்தும் அதில் ஏறாது. வட்டு 2 டெராபைட்டுக்கு மேற்பட்டதாயின், பழைய எம்.பி.ஆர். அட்டவணை அதன் முழு அளவையும் ஆளமாட்டாது, ஜி.பி.டி. அட்டவணையே உசிதம்.

பார்மட் என்ற சொல்லருகே வரும்போது கைக்குச் சற்று நிதானம் வேண்டும். பழைய வட்டின் பெயரான எஸ்டிஏ என்பதற்கும் புதியதன் பெயரான எஸ்டிபி என்பதற்கும் ஓரெழுத்துத்தான் வித்தியாசம். முன்னதில் மூன்று வருஷத்துக் கணக்கு இருக்கிறது, பின்னதில் ஒன்றுமில்லை. கட்டளைக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டல்ல. அளவைப் பார்த்து, காலியாக இருப்பது எது என்று உறுதி செய்துகொண்ட பின்பே அதை ஏவவேண்டும். இன்னொன்று: கணினி மறுமுறை எழும்போதும் வட்டு தானாக வந்து சேர, எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் ஒரு வரி எழுதவேண்டும், எஸ்டிபி என்ற பெயர் மறுதடவை எஸ்டிசி என்று மாறக்கூடுமாகையால், யூயூஐடி என்ற மாறாத அடையாள எண்ணைக் குறிப்பதே விவேகம். அந்த வரியில் பிழை புகுந்தால், வராத வட்டுக்காகக் காத்திருந்து கணினி எழாமலே போகவும் கூடும். எழுதியவுடன் ஒருமுறை மவுண்ட் செய்து சோதித்துப் பார்க்க அரை நிமிஷம்கூடப் பிடிக்காது. அந்த அரை நிமிஷத்தைத்தான் எல்லாரும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

வழங்குகிறவர்களின் பக்கத்திலும் ஒரு சாதுரியம் உண்டு. சில அமைப்புகளில், இருநூறு ஜிகாபைட் என்று ஒருவருக்குச் சொன்னவுடன் அவ்வளவு இடத்தையும் ஒதுக்கிவிடுவதில்லை. எழுத எழுதத்தான் மெய்யான வட்டில் இடம் பிடிக்கும். பத்துக் கணினிகளுக்கு ஆளுக்கு ஐநூறு ஜிகாபைட் வாக்களித்துவிட்டு, உள்ளே இரண்டாயிரம் மட்டுமே வைத்திருப்பது இந்த முறையில் சாதாரணம். எல்லாரும் ஒரே சமயத்தில் நிரப்பாதவரை அது மோசடியல்ல, சிக்கனம். தாமே ஹைப்பர்வைசர் நடத்தும் சிறு அலுவலகங்கள் உள்ளிருப்பைத் தினமும் கவனிக்காமல் இதில் இறங்குவதை நான் சிலாகிப்பதில்லை. அடியிலுள்ள வட்டு நிரம்பும் தினத்தில், தம் வட்டில் பாதி காலியென்று நம்பிக்கொண்டிருக்கும் கணினிகளெல்லாம் ஒருசேர எழுதமுடியாமல் நின்றுவிடும்.

புதிய வட்டைச் சேர்ப்பதற்குப் பதில் இருக்கும் வட்டையே பெரிதாக்கவும் முடியும். அமேசான் 2017 முதல், ஓடும் கணினியை நிறுத்தாமலே இதற்கு வழி செய்திருக்கிறது. கணக்காளருக்கு நான் புது வட்டையே சொல்வேன்: இயங்குதளம் ஒன்றிலும் கணக்குகள் மற்றொன்றிலும் இருந்தால், கணினி கெட்டுப்போகும் நாளில் கணக்கு வட்டை மட்டும் கழற்றி வேறொரு கணினியில் மாட்டிக்கொள்ளலாம். மாட்டுவதும் பெருக்குவதும் சுலபம். குறைப்பதுதான் அசாத்தியத்துக்கு அடுத்தபடி. அமேசானின் வட்டைச் சிறிதாக்க வழியே கிடையாது. சிறிய வட்டு ஒன்றைப் புதிதாக உண்டாக்கி, எல்லாவற்றையும் நகலெடுத்து, பழையதை அழிக்கவேண்டும். கணினியிலிருந்து கழற்றிவிட்டால் போதுமென்று நினைத்துப் பழைய வட்டை அழிக்காமல் விட்டவருக்கு, எதனோடும் சேராமல் சும்மா கிடக்கும் அந்த வட்டுக்கும் மாதந்தவறாமல் வாடகைச் சீட்டு வந்துகொண்டிருக்கும்.