தானுந்து ஊதுவிசிறியின் இடைவிட்ட பழுது

தானுந்தின் உட்பகுதிக்குள் சூடான அல்லது குளிர்ந்த காற்றைச் செலுத்தும் மின்விசிறி ஊதுவிசிறி ஆகும். பழுதுபார்ப்போர் இதனைப் புளோவர் என அழைப்பர். இவ்விசிறி சில வேளைகளில் இயங்கியும் சில வேளைகளில் இயங்காமலும் இருப்பது இடைவிட்ட பழுது எனப்படும். முற்றாக நின்றுபோன விசிறியைக் காட்டிலும் இவ்வகைப் பழுதைக் கண்டறிவது கடினம். பட்டறைக்குக் கொண்டு செல்லும் நேரத்தில் விசிறி பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருக்கும். எனவே பழுது நிகழும் நேரத்திலேயே, நிலைமாற்றி இயக்கப்பட்டிருக்கும்போது மின்னழுத்தத்தை அளந்து பார்ப்பது இதனைக் கண்டறிவதற்கான அடிப்படை முறையாகும்.

முக்கியத்துவம்

பெட்ரோல், டீசல் தானுந்துகளில் எந்திரத்தைக் குளிர்விக்கும் நீர்மத்தின் வெப்பமே சூடேற்றிக்குப் பயன்படுகின்றது. சூடான நீர்மம் ஒரு சிறிய வெப்பமாற்றியின் வழியே பாய, அதன் மீது ஊதுவிசிறி காற்றைச் செலுத்துகின்றது. விசிறி நின்றால் எந்திரம் சூடாக இருந்தாலும் வெப்பம் பயணிகளை வந்தடையாது.

குளிர் நாடுகளில் இது வசதி தொடர்பான சிக்கல் மட்டுமன்று. முன்கண்ணாடியில் படியும் பனியையும் நீராவிப் படலத்தையும் அகற்றுவது இவ்விசிறியின் காற்றே ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் முன்கண்ணாடியின் பனி நீக்கும் அமைப்புக்கெனக் கூட்டரசு வாகனப் பாதுகாப்புத் தரம் எண் 103 உள்ளது. வெப்ப நாடுகளில் சூடேற்றி அரிதாகவே பயன்படுகின்றது எனினும், குளிரூட்டியின் காற்றையும் இதே விசிறி செலுத்துவதால் இக்கட்டுரையில் கூறப்படுபவை அங்கும் பொருந்தும். மழைக்காலத்தில் கண்ணாடியின் உட்புறம் மங்கும்போதும் இதன் தேவை புலப்படும்.

அமைப்பு

பெரும்பாலான தானுந்துகளில் ஊதுவிசிறி பயணியின் முன்னுள்ள கையுறைப் பெட்டியின் பின்புறம் அமைந்திருக்கும். இதன் மின்சுற்றில் பின்வரும் உறுப்புகள் உள்ளன.

- மின்கலம்: 12 வோல்ட்டு வகை. எந்திரம் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டு அளவில் இருக்கும்.
- உருகி: ஃபியூஸ் என அறியப்படுவது. மின்னோட்டம் அளவு மீறினால் உருகிச் சுற்றைத் துண்டிக்கும். 30 அல்லது 40 ஆம்பியர் அளவுடையவை பரவலானவை.
- ரிலே: சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரு மின்னோட்டத்தைத் திறந்து மூடும் உறுப்பு.
- நிலைமாற்றி: ஓட்டுநர் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச்.
- மின்தடையத் தொகுதி: குறைந்த வேகங்களுக்காக மின்னோட்டத்தைக் குறைப்பது. இது வெப்பத்தை உண்டாக்குவதால் விசிறியின் காற்றோட்டத்திலேயே பொருத்தப்படுகின்றது. இதில் பெரும்பாலும் ஒரு வெப்ப உருகியும் இருக்கும்.
- மின்னோடி: கார்பன் பிரஷ் எனப்படும் கரித்தூரிகைகளின் வழியே மின்சாரம் பெறும் நேர்மின்னோட்ட மின்னோடி. இதன் அச்சில் உருளை வடிவ விசிறி பொருத்தப்பட்டிருக்கும்.
- தரையிணைப்பு: மின்னோட்டம் வண்டியின் உலோக உடல் வழியே மின்கலத்துக்குத் திரும்பும் இணைப்பு.

உச்ச வேகத்தில் மின்தடையத் தொகுதி சுற்றிலிருந்து விலக்கப்பட்டு, மின்னோடிக்கு ஏறத்தாழ முழு மின்னழுத்தமும் கிடைக்கின்றது. தன்னியக்க வெப்பநிலைக் கட்டுப்பாடு கொண்ட வண்டிகளில் மின்தடையத் தொகுதிக்குப் பதிலாகத் திரான்சிஸ்டர் கொண்ட கட்டுப்பாட்டுக் கூறு பயன்படுகின்றது.

பழுது விட்டுவிட்டுத் தோன்றுவதன் காரணம்

ஊதுவிசிறி உச்ச வேகத்தில் ஏறத்தாழ 20 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கக்கூடும். இத்தகைய பெரு மின்னோட்டத்தில் மிகச் சிறிய மின்தடையும் பெரிய விளைவைத் தரும். நல்ல நிலையிலுள்ள ஓர் இணைப்பியின் மின்தடை 0.005 ஓம் எனக் கொண்டால், 20 ஆம்பியரில் அங்கு 0.1 வோல்ட்டு மட்டுமே வீழ்ச்சியடையும். தோன்றும் வெப்பம் 2 வாட்டு ஆகும். துருப்பிடித்தோ தளர்ந்தோ அம்மின்தடை 0.1 ஓம் ஆக உயர்ந்து, மின்னோட்டம் மாறாதிருந்தால், வீழ்ச்சி 2 வோல்ட்டாகவும் வெப்பம் 40 வாட்டாகவும் ஆகின்றது. இது ஒரு சிறிய பற்றாசுக் கோலின் திறனுக்கு ஒப்பானது. விரல் நுனியளவு இணைப்பிக்குள் இவ்வளவு வெப்பம் தோன்றினால் நெகிழி உருகும்.

சூடாகும் உலோகம் விரிவடைவதால் தொடுகை மேலும் தளர்ந்து சுற்று துண்டிக்கப்படலாம். விசிறி நின்றபின் இணைப்பி குளிர்ந்து சுருங்கி மீண்டும் தொட்டுக்கொள்ளும். விசிறி தானாகச் சரியானது போலத் தோன்றினாலும் ஒவ்வொரு சுழற்சியிலும் தொடுகைப் பரப்பு மேலும் கருகி, மின்தடை கூடிக்கொண்டே செல்கின்றது. எனவே இப்பழுது தானாக நீங்குவதில்லை.

அறிகுறிகளும் காரணங்களும்

- உச்ச வேகத்தில் மட்டும் இயங்குதல்: மின்தடையத் தொகுதி அல்லது அதன் வெப்ப உருகி பழுதாகியிருக்கலாம்.
- குறைந்த வேகங்களில் இயங்கி உச்ச வேகத்தில் மட்டும் நிற்றல்: உச்ச வேகத்துக்கான ரிலே, நிலைமாற்றியின் அத்தொடுகை அல்லது அதற்குரிய கம்பி பழுதாகியிருக்கலாம்.
- மின்னோடியின் உறையைத் தட்டியதும் இயங்குதல்: கரித்தூரிகைகள் தேய்ந்திருத்தல்.
- மேடு பள்ளங்களில் நின்று மீண்டும் இயங்குதல்: தளர்ந்த இணைப்பி அல்லது தரையிணைப்பு.
- சிறிது நேரம் ஓடியபின் நிற்றல்: வெப்பத்தால் திறக்கும் தொடுகை.
- மழைக்குப்பின் நிற்றல்: முன்கண்ணாடியின் கீழுள்ள வடிகால் இலைகளால் அடைபட்டு, நீர் மின்னோடிக்குள் புகுதல்.
- கீச்சொலியுடன் மெதுவாகச் சுழலுதல்: அச்சுத் தாங்கி இறுகியிருத்தல் அல்லது இலை, காகிதம் போன்றவை விசிறியில் சிக்கியிருத்தல்.

இவை ஐயத்தை மட்டுமே தருவன. உறுப்பை மாற்றுமுன் கீழ்வரும் அளவீடுகளால் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சோதிக்கும் முறை

மல்டிமீட்டர் எனப்படும் பல்லளவி ஒன்று இதற்குப் போதுமானது. எனினும் அதனைப் பயன்படுத்துவதில் ஒரு பொதுவான தவறு நேர்வதுண்டு. இணைப்பியைக் கழற்றி, தனித்து நிற்கும் கம்பியில் அளந்தால், கருகிய தொடுகையின் வழியாகவும் முழு 12 வோல்ட்டு காட்டப்படும். மின்னழுத்தத்தை அளக்கும்போது பல்லளவி இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ ஒரு மைக்ரோ ஆம்பியர் மட்டுமே என்பதால் 0.1 ஓம் மின்தடையில் வீழ்ச்சி ஏதும் தென்படாது. எனவே மின்னோடியை இணைத்த நிலையிலேயே, இணைப்பியின் பின்புறத்திலிருந்து அளக்க வேண்டும்.

1. விசிறி எந்த வேகத்தில், எவ்வளவு நேரத்துக்குப்பின், எத்தகைய வானிலையில் நிற்கின்றது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.
2. உருகி, ரிலே ஆகியவற்றின் தொடுகைகளில் கருகலோ தளர்வோ உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
3. விசிறியை உச்ச வேகத்தில் வைத்து, அது நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். நின்றதும் மின்னோடியின் இரு முனைகளுக்கு இடையே அளக்க வேண்டும். முழு மின்னழுத்தம் இருந்தும் விசிறி சுழலாவிடில் பழுது மின்னோடியில் உள்ளது.
4. அங்கு மின்னழுத்தம் இல்லையெனில், அளவியின் ஒரு முனையை மின்கலத்தின் எதிர்முனையில் வைத்து, மின்னோடியின் இரு முனைகளையும் தனித்தனியே அளக்க வேண்டும். இரண்டிலும் 12 வோல்ட்டு இருந்தால் துண்டிப்பு மின்னோடிக்குப் பிந்திய தரைப் பக்கத்தில் உள்ளது. இரண்டிலும் சுழியம் எனில் துண்டிப்பு மின்கலப் பக்கத்தில் உள்ளது. சில வண்டிகளில் நிலைமாற்றியும் மின்தடையத் தொகுதியும் தரைப் பக்கத்திலேயே அமைந்துள்ளமை நினைவில் கொள்ளத்தக்கது.
5. விசிறி ஓடும்போதும் சோதிக்கலாம். மின்கலத்தின் நேர்முனைக்கும் மின்னோடியின் நேர்முனைக்கும் இடையே அளந்தால் வழியில் வீணாகும் மின்னழுத்தம் தெரியும். இது ஏறத்தாழ அரை வோல்ட்டைத் தாண்டினால், ஒவ்வோர் இணைப்பியாக அளந்து வீழ்ச்சி நிகழும் இடத்தைக் கண்டறியலாம். தரைப் பக்கத்தையும் இவ்வாறே சோதிக்க வேண்டும்.
6. கவ்வி வகை அளவியால் மின்னோடியின் மின்னோட்டத்தை அளந்து, தயாரிப்பாளரின் கையேட்டிலுள்ள மதிப்புடன் ஒப்பிட வேண்டும்.

மூன்றாம், நான்காம் படிகள் சுற்றை மூன்று பகுதிகளாகப் பிரித்து, பழுது எப்பகுதியில் உள்ளதென ஒரு சில நிமிடங்களில் காட்டிவிடுகின்றன.

மின்தடையத் தொகுதி மீண்டும் மீண்டும் பழுதாதல்

மின்தடையத் தொகுதியை மாற்றியும் சில மாதங்களில் அது மீண்டும் கருகினால், அது காரணம் அன்று, விளைவு ஆகும். அச்சு இறுகிய மின்னோடி மெதுவாகச் சுழல்வதால் அதன் எதிர்மின்னியக்கு விசை குறைந்து மின்னோட்டம் கூடுகின்றது. அதே வேளையில் மின்தடையத் தொகுதியைக் குளிர்விக்கும் காற்றும் குறைகின்றது. வெப்பம் கூடுதலும் குளிர்வித்தல் குறைதலும் ஒருசேர நிகழ்வதே இதன் ஆபத்தாகும். மின்னோடியைச் சோதிக்காமல் மின்தடையத் தொகுதியை மட்டும் மாற்றுவதும், கருகிய இணைப்பியில் புதிய உறுப்பைச் செருகுவதும் பயனற்றவை.

தீவிபத்து ஆபத்து

உருகி அடிக்கடி உருகும்போது அதற்குப் பதிலாகப் பெரிய உருகியையோ கம்பித் துண்டையோ பொருத்துவதும், வெப்ப உருகியைக் குறுக்கிணைப்பதும் மிக ஆபத்தானவை. அப்போது உருகிக்குப் பதிலாகக் கம்பியின் காப்புறையும் நெகிழிக் குழாய்களும் எரியத் தொடங்கலாம்.

ஐக்கிய இராச்சியத்தில் வாக்சால் சாஃபிரா பி வகை வண்டிகளில் நிகழ்ந்த தீவிபத்துகள் இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். தன்னியக்கக் குளிரூட்டி இல்லாத வண்டிகளின் சூடேற்றி அமைப்பில் இத்தீ தோன்றியது. 2015-ஆம் ஆண்டு 2,30,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் சோதனைக்குத் திரும்ப அழைக்கப்பட்டன. மின்தடையத் தொகுதியின் வெப்ப உருகி முறையற்றுப் பழுதுபார்க்கப்பட்டதே காரணம் எனத் தொடக்கத்தில் தயாரிப்பாளர் கூறினார். எனினும் அதன் பின்னரும் தீவிபத்துகள் நிகழ்ந்தமையால் 2016-இல் இரண்டாம் முறையாகத் திரும்ப அழைக்கப்பட்டன. பிரித்தானிய நாடாளுமன்ற மக்களவையின் போக்குவரத்துக் குழு இதனை விசாரித்து, 2017-இல் வெளியிட்ட அறிக்கையில் தயாரிப்பாளரின் நடவடிக்கைகளைக் கண்டித்தது.

எரியும் நாற்றமோ புகையோ தோன்றினால் விசிறியை உடனே நிறுத்தி, வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கிவிட வேண்டும்.

பணியின்போது கவனிக்க வேண்டியவை

- உறுப்புகளைக் கழற்றுமுன் மின்கலத்தின் எதிர்முனை இணைப்பை நீக்க வேண்டும்.
- கையுறைப் பெட்டிக்கு அருகில் பயணியின் காற்றுப்பை அமைந்திருக்கும். பெரும்பாலும் மஞ்சள் நிறத்திலுள்ள அதன் இணைப்பிகளைத் தொடலாகாது.
- நின்றிருக்கும் விசிறி எந்நேரமும் இயங்கத் தொடங்கலாம் என்பதால் அதனுள் விரலை நுழைக்கலாகாது.
- பழுப்பேறிய இணைப்பியையும் அதனையொட்டிக் கருகிய கம்பியையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- ஓமின் விதி
- நேர்மின்னோட்ட மின்னோடி
- உருகி
- பல்லளவி