பால்கனிக் கம்பியைத் தட்டிப் பார்த்தீர்களா?

முப்பத்தொன்பது வருஷம் மத்திய ரயில்வேயில் பாலங்களைத் தட்டிப் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பழைய பாலத்தில் ரிவெட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, இடது கை ஆள்காட்டி விரலை ரிவெட் தலையின் ஒரு பக்கத்தில் தகட்டையும் தொட்டாற்போல் வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் 110 கிராம் எடையுள்ள சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தளர்ந்த ரிவெட் விரலில் அதிரும். மதுரையில் டிப்ளமா முடித்து 1981-இல் வேலைக்குச் சேர்ந்தபோது கற்றது. 2020-இல் ஓய்வு பெறும் வரை கைவிடவில்லை. பூசாவல், இகத்புரி, கல்யாண் என்று போன இடமெல்லாம் அந்தச் சுத்தியலும் கூடவே வந்தது.

அப்பேர்ப்பட்டவன், டோம்பிவிலியில் சொந்த வீட்டு பால்கனிக் கம்பியை இருபது வருஷத்துக்கு மேல் ஒரு தடவைகூடத் தட்டிப் பார்க்கவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி பச்சை எனாமல் பெயிண்ட் அடித்ததோடு சரி. வருகிறவர்கள், "ரயில்வேக்காரர் வீடு, பளிச்சென்று இருக்கிறது" என்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை.

2021 ஜூலையில், மழை சற்று விட்ட ஒரு காலையில், என் மனைவி பாயை பால்கனிக் கம்பியில் போட்டுக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தாள். "என்னங்க, கம்பி லேசா ஆடுது" என்றாள். "நீ அடிக்கிற அடிக்குப் பாலமே ஆடும்" என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் புனேயிலிருந்து வந்திருந்த ஐந்து வயதுப் பேத்தி, கீழே காய்கறிக்காரனைக் கூப்பிடுவதற்காகக் கிடைக்கம்பியில் ஏறி நின்று எட்டிப் பார்த்தாள். அப்போது 'டக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. ஆனால் இரும்பு விட்டுக்கொடுக்கும் சத்தம் எனக்குத் தெரியும். போய்த் தூக்கிவிட்டேன். "ஏன் தாத்தா, நான் ஒண்ணும் பண்ணலையே" என்று அழுதாள். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் வீடு மூன்றாவது மாடி.

சாயங்காலம் பழைய சுத்தியலைத் தேடி எடுத்தேன். பால்கனியில் ஒன்பது கால்கள். ஐந்து 'டங்' என்றன. நான்கு 'தொப்' என்றன. 'தொப்' என்றவற்றின் அடியில் பேனாக் கத்தியை வைத்து அழுத்தினால் பெயிண்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிற்று. தரைக்கு மேல் இரண்டு அங்குலத்துக்கு இரும்பே இல்லை. பச்சைப் பெயிண்டும் துருவும் சேர்ந்து குழாய் வடிவத்தில் நின்றுகொண்டிருந்தன, அவ்வளவுதான்.

கம்பி வேலி எப்போதும் காலடியில்தான் சாகும். மேலே மழை பட்டாலும் காய்ந்துவிடும். கால் தரைக்குள் நுழையும் இடத்தில் இரும்புக்கும் சிமெண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி எப்போதும் உண்டு. அதில் தண்ணீர் இறங்கினால் வெளியேற வழியில்லை. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகும். ஆகவே துரு சிமெண்டைப் பிளக்கும். பிளவில் இன்னும் தண்ணீர் இறங்கும். காலைச் சுற்றித் தரையில் நட்சத்திரம் மாதிரி கீறலோ காப்பி நிறக் கறையோ இருந்தால், மேலே பெயிண்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

என் வீட்டில் இன்னொரு தப்பும் சேர்ந்துகொண்டது. அதுவும் என் கைங்கரியம்தான். 2006-இல் பழைய தரையைப் பெயர்க்கச் சோம்பல்பட்டு, அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டச் சொன்னேன். கம்பிக் கால்களின் அடிப்பாகம் அந்தக் கலவைக்குள் புதைந்து, ஒவ்வொரு மழைக்கும் ஈரத்திலேயே நின்றது. தரை இரண்டு அங்குலம் உயர்ந்ததால் வேலியும் இரண்டு அங்குலம் குட்டையாயிற்று. தேசியக் கட்டட விதித்தொகுப்பு பால்கனி வேலி முடிந்த தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. அளந்து பார்த்தேன்: 90 சென்டிமீட்டர். டைல்ஸ் மாற்றிய அன்பர்கள் இன்றே டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள்.

எங்கள் கட்டடம் 1989-இல் கட்டியது. கீழே கடைகள், முதல் மாடியில் ஒரு டாக்டரின் கிளினிக்கும் டியூஷன் வகுப்பும், அதற்கு மேல் வீடுகள். சொசைட்டியின் சம்மதத்தோடு எல்லா பால்கனிகளையும் பொது நடைபாதையையும் தட்டிப் பார்த்தேன். மகாராஷ்டிராவின் மாதிரி உபவிதிகளின்படி 15 முதல் 30 வயதான கட்டடத்துக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையும், 30-ஐத் தாண்டியதற்கு மூன்று வருஷத்துக்கு ஒரு முறையும் ஸ்ட்ரக்சுரல் ஆடிட் செய்ய வேண்டும். எங்களுக்கும் செய்திருந்தார்கள். தூண், உத்தரம், ஸ்லாப் பற்றி விவரமாக இருந்தது. கம்பி வேலிக்குக் கிடைத்தது ஒரே வரி: பெயிண்ட் அடிக்கவும்.

சொசைட்டிக் கூட்டத்தில் ஆளுக்கொரு யோசனை. செக்ரெட்டரிக்குப் பெயிண்ட் போதும். ஒருவருக்குப் பளபளக்கும் ஸ்டீல். பக்கத்து வீட்டுக்காரர், "கம்பியே வேண்டாம், செங்கல் சுவர் எழுப்பிவிடலாம்" என்றார். அவரைத்தான் முதலில் தடுத்தேன். பால்கனி ஸ்லாப் ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ளது. மறுபக்கம் அந்தரத்தில் நிற்கிறது. நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஒரு மீட்டர் உயரத்துக்கு எழுப்பினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 200 கிலோவுக்கு மேல் பாரம் அந்த நுனியில் போய் உட்காரும். கம்பி வேலிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு ஆகுமோ என்னவோ.

பிறகு கடப்பாரைக் கணக்கைச் சொன்னேன். ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதியின் இரண்டாம் பகுதி, 1987-இல் வந்தது, கைப்பிடியில் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளுதலைத் தாங்க வேண்டும் என்று சொல்கிறது. வீட்டுக்குள் சொந்த பால்கனி என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 35 கிலோ. பொது மாடிப்படி, நடைபாதை என்றால் 75 கிலோ. பள்ளிக்கூடம், தியேட்டர் போல் கூட்டம் நெருக்கும் இடமானால் சுமார் 230 கிலோ. கால்கள் 1.2 மீட்டர் இடைவெளியில் இருந்தால், நடைபாதையில் ஒரு காலுக்கு 90 கிலோ தள்ளுதல் வரும். கால் ஒரு மீட்டர் உயரம். அடித்தகட்டில் போல்ட்டுக்குக் கிடைக்கும் பிடிமானம் பத்து சென்டிமீட்டர். கடப்பாரையால் பாறையை நெம்புகிற மாதிரி அந்த 90 கிலோ பத்து மடங்காகி, 900 கிலோவாகப் போல்ட்டைப் பிடுங்கும். டியூஷன் வகுப்பு விட்டதும் பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்கும் முதல் மாடி நடைபாதையில் 230 கிலோவை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டே முக்கால் டன். அந்த வேலியின் கால்கள் செங்கல் கைப்பிடிச் சுவரில் பிளாஸ்டிக் பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்கி நின்றுகொண்டிருந்தன. நான் கணக்கை முடித்ததும் செக்ரெட்டரி பெயிண்ட் பேச்சை விட்டுவிட்டார்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பற்றியும் ஒரு வார்த்தை. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று கடைக்காரர் காட்டுவார். மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. நம் மழைக்கு 304-க்குக் கீழே இறங்க வேண்டாம். கடற்காற்று அடிக்கும் இடமானால் 316. பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள். எங்கள் பட்ஜெட்டுக்குச் சாதாரண இரும்பில் செய்து, பட்டறையிலேயே துளையெல்லாம் போட்டு, உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பதென்று முடிவாயிற்று. குழாயின் இரு முனையையும் அடைத்திருந்தால் காற்று வெளியேற ஒரு துளை அவசியம். இல்லாவிட்டால் முக்கும்போது வெடிக்கும். கிடைக்கம்பிகளை விட்டுவிட்டு நிமிர்ந்த கம்பிகளாகவே கேட்டேன், நடுவில் நாலு அங்குலத்துக்கு மேல் சந்து இல்லாமல். என் பேத்தி ஏறியது கிடைக்கம்பி என்ற ஏணியில்தானே!

இனி வேலை நடந்த கதை. கம்பி வேலி விஷயத்தில் மிக ஆபத்தான நேரம், பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டும் வரை உள்ள இடைவேளைதான். வீட்டிலிருப்பவர்களுக்கு இருபது வருஷப் பழக்கம்; கை தானாகக் கம்பியைத் தேடும். ஆகவே வேலை முடியும் வரை பால்கனிக் கதவுக்குப் பூட்டு, சாவி வீட்டுத் தலைவியிடம். கீழே பத்தடிக்குக் கயிறு கட்டி வாட்ச்மேனை நிறுத்தினோம். ஒரு நாளில் மாட்ட முடிகிற அளவுதான் கழற்ற வேண்டும் என்பதும் ஒப்பந்தம்.

இவ்வளவு சொல்லியும் இரண்டாம் நாள் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கிரைண்டரால் கம்பியை அறுத்துக்கொண்டிருந்த பையன் பாதுகாப்புப் பெல்ட் போட்டிருந்தான். ஆனால் அதன் கயிற்றை அவன் அறுக்கிற வேலியிலேயே கட்டியிருந்தான். உட்கார்ந்த கிளையை வெட்டிய காளிதாசன் கதைதான். கத்தினால் திடுக்கிட்டுவிடுவான் என்று மூச்சிரைக்க மாடியேறிப் போய், மெஷினை நிறுத்தச் சொன்னேன். "குச் நஹீ ஹோதா, சாப்" என்று சிரித்தான். பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். பிறகு கதவு நிலைக்கு உள்பக்கமாக, இருபுறமும் சுவரில் ஓரடிக்குக் குறையாமல் படியும்படி, ஒரு சாரக் குழாயைக் குறுக்கே வைத்து அதில் கயிற்றைக் கட்ட வைத்தேன்.

அன்றே கிரைண்டர் பொறி பறந்து கிளினிக்கின் தார்ப்பாயில் விழுந்து புகைந்தது. வாட்ச்மேன் வாளித் தண்ணீரோடு ஓடியதால் ஓட்டையோடு போயிற்று. மறுநாளிலிருந்து கீழ்மாடிகளில் காயும் துணியெல்லாம் உள்ளே. அறுக்குமிடத்துக்கு அடியில் நனைத்த சாக்கு. வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் ஒருவர் காவல். வெல்டிங் எர்த் கிளாம்ப்பைக் கட்டடத்துக் கம்பியில் எங்கேயாவது மாட்டாமல், வெல்டிங் செய்யும் துண்டிலேயே மாட்ட வேண்டும். துத்தநாகப் பூச்சின் மேல் வெல்டிங் செய்தால் வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி காய்ச்சல் வரும். பூச்சைத் தேய்த்தெடுத்துவிட்டு, காற்று வாட்டமாக நின்று செய்ய வேண்டும். முடித்ததும் அந்த இடத்தில் துத்தநாகம் கலந்த பெயிண்ட் வைத்துவிட வேண்டும்.

துளை போடுவதில்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அந்தரத்தில் நிற்கும் ஸ்லாபில் முக்கியமான கம்பி மேல்பக்கத்தில் ஓடும். சாதாரண ஸ்லாப் என்று நினைத்து மேலிருந்து டிரில் இறக்கினால், பால்கனியைத் தாங்கும் கம்பியையே அறுத்துவிடலாம். உள்ளே கம்பி எங்கே ஓடுகிறது என்று காட்டும் கருவியை வாடகைக்கு எடுத்துச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டோம். கோட்டில் விழுந்த துளைகளை நகர்த்தினோம். தகட்டை டைல்ஸ் மேல் வைக்கவில்லை. அந்த இடத்தில் டைல்ஸை வெட்டியெடுத்துக் கான்கிரீட்டைத் தொட்டபின், சிறு மேடை கட்டித் தண்ணீர் தேங்காமல் உயர்த்தி வைத்தோம். ரசாயனப் பசை ஊற்றும் துளையை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊத வேண்டும். மிஸ்திரி ஒரு தடவை ஊதிவிட்டு டியூபை எடுத்தார். தூசி மேல் ஒட்டிய பசை தூசியைத்தான் பிடித்திருக்கும் என்று சொல்லி, ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் நின்றேன். என்னைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

முதல் மாடி நடைபாதையில் செங்கல் கைப்பிடிச் சுவரை நம்பாமல், கால்களை நெருக்கி வைத்து ஸ்லாபிலேயே இறக்கினோம். செலவு கூடிற்று. டியூஷன் ஆசிரியர் பாதியை ஏற்றுக்கொண்டார்.

பசை இறுகியபின் சோதனை. பங்கார்வாலாவிடமிருந்து 100 கிலோ தொங்கு தராசைக் கடன் வாங்கி, ஒவ்வொரு காலின் தலையிலும் மாட்டி, வீட்டுக்குள்ளிருந்து உள்பக்கமாக இழுத்தோம். வெளிப்பக்கம் ஒருபோதும் தள்ளிப் பார்க்கக் கூடாது. கம்பி போனால் ஆளும் கூடப் போவார். பால்கனிக் கால்களுக்கு 60 கிலோ வரை இழுத்து, ஒரு நிமிஷம் வைத்திருந்து, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்று பார்த்தோம். நாற்பத்திரண்டு கால்களில் ஒன்று திரும்பவில்லை. அது என் வீட்டுக் கால். மிஸ்திரி வாய்விட்டுச் சிரித்தார். கழற்றி மறுபடி துளை போட்டு வைத்தார்.

பெயிண்ட் மழைக்கு முன்பே முடிந்துவிட்டது. இந்த முறை பச்சை வேண்டாம், வெளிர் சாம்பல் என்றேன். அதில் துரு முதல் நாளே கண்ணில் படும். மழை ஓய்ந்ததும் அக்டோபரில் ஒரு தடவை சுத்தியலோடு எல்லா மாடிக்கும் போய்வருகிறேன். குழந்தைகள் கூடவே வந்து காதை வைத்துக் கேட்கிறார்கள்.

ஜன்னல் பெட்டிக் கிரில்கள் மட்டும் இன்னும் பாக்கி. என் வீட்டு கிரில்லில் பதினொரு பூந்தொட்டிகள். நனைந்தால் ஒவ்வொன்றும் பத்து கிலோவுக்குக் குறையாது. அதோடு தீ விபத்து நேர்ந்தால் திறக்கிற கதவும் அதில் இல்லை. ஏழு தொட்டியை இறக்கலாம் என்கிறேன் நான். மூன்றுதான் என்கிறாள் மனைவி. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.