முதல் பக்கத்துக் கையெழுத்தும் உங்கள் கம்ப்யூட்டரும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஆசையுடன் தொடங்கும் வேலைகளில் ஒன்று, வீட்டில் உள்ள புத்தகங்களுக்குப் பட்டியல் தயாரிப்பது. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு என நான்கு நெட்டு வரிசைகள் போட்டால் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். பல வீடுகளுக்கு அது போதும். ஒரு தமிழறிஞரின் வீட்டு அலமாரிக்குப் போதாது. ஏன் என்று பார்ப்போம்.

பாம்பன் பாலத்தைத் தாண்டி இராமேசுவரம் செல்லும் வழியில் உள்ளது எங்கள் அக்காள்மடம். இங்கு ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரின் நூல்களை, அவர் மறைவுக்குப் பின், நூலகம் ஒன்றுக்குத் தந்துவிடக் குடும்பத்தார் முடிவு செய்தனர். கடற்காற்றில் தாள்கள் பழுப்பேறி ஓரம் உதிரத் தொடங்கிவிட்டதால் தள்ளிப்போடவும் வழியில்லை. பட்டியல் போடும் வேலை என்னிடம் வந்தது. நூலகர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே தங்களிடம் இருக்கும் நூல் என்றால் இரண்டாவது பிரதி வேண்டாம். இடம் இல்லை. அவர் சொன்னதில் தவறு இல்லை. ஆனால் அந்த நூல்களில் பலவற்றின் முதல் பக்கத்தில், எழுதியவரே தம் கைப்பட "அன்புடன்" என்று எழுதிக் கொடுத்த வரிகள் இருந்தன. நூலகத்தில் உள்ள பிரதியில் அந்த வரி இருக்காது. நான்கு வரிசைப் பட்டியலிலோ இரண்டு பிரதிகளும் ஒன்றே.

இங்கே ஒரு வேறுபாட்டை மனதில் கொள்ளவும். நூலில் அச்சாகியிருக்கும் சமர்ப்பணம் அந்த நூலுக்கு உரியது. ஆயிரம் பிரதி அச்சிட்டால் ஆயிரத்திலும் அது இருக்கும். கையால் எழுதிய அன்பளிப்புக் குறிப்பு ஒரே ஒரு பிரதிக்கு உரியது. யார் யாரிடம் பழகினார்கள், எந்த ஆண்டில், எந்த ஊரில் என்பதற்கு அதுவே சாட்சி. பல நேரங்களில் வேறு சாட்சியே இருக்காது.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் அமெரிக்காவில் உள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தார். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ழாக் தெரிதா 2004ல் மறைந்தார். அவருடைய சொந்த நூலகத்தை, சுமார் 13,800 நூல்களும் பிறவும் கொண்டதை, பிரின்ஸ்டன் வாங்கியதாக 2015ல் அறிவிப்பு வந்தது. அவருக்கு மற்றவர்கள் எழுதிக் கொடுத்த அன்பளிப்புக் குறிப்புகளை அந்நூலகத்தார் "லிங்க்டு டேட்டா" முறையில் பதிவு செய்தனர். தமிழில் இணைப்புத் தரவு எனலாம்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வேர்ல்ட் வைட் வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 2006ல் இதற்கான விதிகளை எழுதி வைத்தார். சாரம் இதுதான். ஒவ்வொரு பொருளுக்கும், ஆளுக்கும், ஊருக்கும் பெயரோடு ஒரு தனி இணைய முகவரி இருக்க வேண்டும். செய்திகளைச் சிறு சிறு வாக்கியங்களாக எழுத வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்திலும் மூன்று பகுதிகள் மட்டுமே இருக்கும். எடுத்துக்காட்டாக, "அக்காள்மடம் – அமைந்துள்ள இடம் – பாம்பன் தீவு". எழுவாய், உறவு, அந்த உறவு சென்று சேரும் பொருள், அவ்வளவுதான். பாம்பன் தீவைச் சிலர் இராமேசுவரம் தீவு என்பார்கள். முகவரி ஒன்றாக இருந்தால், இரண்டும் ஒரே இடம்தான் என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும்.

அன்பளிப்புக் குறிப்பை இப்படி எழுதலாம்:

குறிப்பு 17 – இருக்கும் இடம் – பிரதி 12
குறிப்பு 17 – எழுதியவர் – நபர் 5
குறிப்பு 17 – பெற்றவர் – நபர் 1
குறிப்பு 17 – ஆண்டு – 1977

குறிப்புக்கு ஏன் தனி எண், பிரதியின் எண்ணே போதாதா என்று கேட்கலாம். போதாது. நூலை எழுதியவர் தம் நண்பருக்குக் கொடுக்கிறார். அந்த நண்பர் சில ஆண்டுகள் கழித்து, அதே பக்கத்தில் கீழே இன்னொரு வரி எழுதி, தம் மாணவருக்குக் கொடுக்கிறார். பிரதி ஒன்று, குறிப்புகள் இரண்டு. இந்தத் தீவிலேயே அப்படிப்பட்ட நூல்களைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து பெயர்கள். தமிழ்ப் பெயர்களைப் பொறுத்தவரை தனி எண் என்பது வசதி மட்டுமல்ல, கட்டாயம். இராமநாதபுரம் சேது சமஸ்தானத்துப் புலவர் ரா. இராகவையங்கார் (1870–1946) ஒருவர். மு. இராகவையங்கார் (1878–1960) இன்னொருவர். இருவரும் உறவினர்கள். இருவருமே, பாண்டித்துரைத் தேவர் 1901ல் மதுரையில் தொடங்கிய தமிழ்ச்சங்கத்தின் "செந்தமிழ்" இதழுக்கு ஆசிரியராக இருந்தவர்கள். ஒரு குறிப்பின் அடியில் "இராகவையங்கார்" என்று மட்டும் கையெழுத்து இருந்தால் எவர் என்று சொல்வீர்கள்? இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. வேதாசலம் என்றும் மறைமலையடிகள் என்றும் இரண்டு கையெழுத்துகள் இருந்தால் ஆள் ஒருவரே. சூரியநாராயண சாஸ்திரியும் பரிதிமாற்கலைஞரும் அப்படியே. கம்ப்யூட்டரில் பெயரைக் கொடுத்துத் தேடினால் இரண்டு பேர் ஒருவராகிவிடுவார்கள், அல்லது ஒருவர் இரண்டு பேராகிவிடுவார்.

அந்த எண்ணை எங்கே பெறுவது? 2012ல் தொடங்கிய விக்கித்தரவு என்னும் இலவசத் தளத்தில் ஒவ்வொருவருக்கும் "கியூ" என்ற எழுத்துடன் ஓர் எண் உண்டு. காந்தியடிகளின் எண் கியூ1001. தளத்தின் தேடல் கட்டத்தில் பெயரைத் தமிழிலேயே டைப் செய்து என்டர் தட்டவும். பிறந்த ஆண்டையும் ஊரையும் சரிபார்த்த பின்னரே எண்ணை எடுத்துக்கொள்ளவும். அங்கு இல்லாதவர்களுக்கு நீங்களே "நபர் 5" என்பது போல எண் கொடுத்துக்கொள்ளலாம். பின்னாளில் விவரம் தெரிந்தால் அதன் பக்கத்தில் கியூ எண்ணைச் சேர்த்தால் போதும்.

ஆண்டுகளிலும் கவனம் தேவை. பழைய அறிஞர்கள் "பிங்கள ஆண்டு, தை" என்று எழுதுவார்கள். அறுபது ஆண்டுச் சுழற்சியில் பிங்கள 1917லும் வரும், 1977லும் வரும். நூல் அச்சான ஆண்டைப் பாருங்கள். 1960ல் அச்சான நூலில் 1917ஆம் ஆண்டுக் குறிப்பு இருக்க முடியாது. தை மாதம் என்றால் இன்னொரு படி போக வேண்டும். சித்திரையில் தொடங்கிய அந்தப் பிங்களவின் தை, 1978 ஜனவரியில்தான் வருகிறது. திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31ஐக் கழிக்கவும். 2010 என்பது 1979. குறிப்பில் உள்ளபடியே ஒரு வரிசையிலும், கணக்கிட்ட ஆண்டை அடுத்த வரிசையிலும் எழுதவும். ஒன்றை அழித்து மற்றொன்றை எழுத வேண்டாம்.

இவ்வளவையும் செய்ய எக்ஸெல் போதும். அது இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். பிரதிகள், நபர்கள், குறிப்புகள் என மூன்று தாள்களைத் திறக்கவும். டைப் செய்யும் முன் எல்லா வரிசைகளையும் தேர்ந்தெடுத்து, பார்மட் பகுதியில் "டெக்ஸ்ட்" என மாற்றிவிடவும். இல்லையென்றால் 001 என்பது 1 ஆகிவிடும். தேதிகளை எக்ஸெல் தன் விருப்பப்படி மாற்றிவிடும். யூனிகோட் எழுத்தில் மட்டுமே டைப் செய்யவும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்தவை வேறு கம்ப்யூட்டரில் குப்பையாகத் தெரியும். எக்ஸெல்லில் வேலை முடிந்ததும் ஒவ்வொரு தாளையும் "சி.எஸ்.வி. யு.டி.எப்-8" என்ற வகையில் தனித்தனியாக சேவ் செய்திடவும். வெறும் சி.எஸ்.வி. என்று கொடுத்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். ஒவ்வொரு குறிப்புப் பக்கத்தையும் மொபைல் கேமராவில் படம் எடுத்து, படத்தின் பைலுக்குக் குறிப்பின் எண்ணையே பெயராக வைக்கவும்.

பெயர்கள் அதிகம் என்றால் ஓப்பன் ரிபைன் என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோட் செய்து பயன்படுத்தலாம். பெயர் வரிசையின் மெனுவில் "ரீகன்சைல்" என்பதில் கிளிக் செய்தால், அது விக்கித்தரவில் தேடி, பொருத்தமாகத் தோன்றும் பெயர்களைக் காட்டும். எல்லாவற்றையும் ஒரே கிளிக்கில் ஏற்கும் வசதியும் உண்டு. அதை நான் தொடுவதில்லை. இரண்டு இராகவையங்கார்களையும் பிரிக்க மனிதக் கண்தான் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. குறிப்புகளில் சொந்த வாழ்க்கையும் இருக்கும். கடன், மனத்தாங்கல், காதல் எல்லாம் இரண்டு வரியில் அடங்கிவிடும். உயிரோடு இருப்பவர்களின், பொதுவாழ்வில் இல்லாதவர்களின் பெயர்களை இணையத்தில் ஏற்றும் முன் கட்டாயம் குடும்பத்தாரைக் கேட்கவும். தேவைப்பட்டால் உங்கள் பைலில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அக்காள்மடத்துப் பட்டியலில் ஏழு குறிப்புகளை அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

நூலகருக்கு மூன்று தாள்களையும் அனுப்பியபோது, குறிப்புகள் உள்ள பிரதிகளை மட்டும் பில்டர் செய்து முதலில் காட்டினேன். அவற்றை இரண்டாவது பிரதி என்று தள்ளாமல் தனி அலமாரியில் வைக்கச் சம்மதித்துவிட்டார். இன்னும் அடையாளம் தெரியாத நபர் 5, நூல்களில் "ரா." என்று மட்டும் கையெழுத்திட்டிருக்கிறார். அந்தக் கையெழுத்துப் பக்கங்களின் படங்களும் நூல்களோடு சேர்ந்து நூலகத்துக்குப் போயிருக்கின்றன.