கைராசி மட்டும் போதுமா?

"அந்த டொக்டருக்கு நல்ல கைராசி" என்று சொல்லி, பஸ் காசையும் ஒருநாள் பேரையும் இழந்து பதுளைக்கும் பண்டாரவளைக்கும் செல்வோர் நம்மிடையே பலர். "ஒரே ஊசிதான், காய்ச்சல் பறந்துவிட்டது" என்பதும் நாம் வழங்கும் நற்சான்றிதழே. விதை உருளைக்கிழங்கு வாங்கும்போது முளையைப் பார்க்கிறோம். அழுகல் உண்டா என்று புரட்டிப் பார்க்கிறோம். உடம்பை ஒப்படைக்கும் இடத்தில் மட்டும் ஒன்றும் கேளாமல் கைகட்டி நிற்கிறோம். இது ஏன்?

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்டங்களின் பொறுப்பாக்கியது. நல்ல காரியம்தான். ஆனால் சம்பளம் கொடுத்த நிர்வாகமே மருந்தும் கொடுத்தது. சுகவீன லீவுக்கான துண்டும் அதே டிஸ்பென்சரியிலிருந்துதான் வந்தது. அங்கே கேள்வி கேட்பது துரையிடம் எதிர்த்துப் பேசுவதாகவே எண்ணப்பட்டது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. 1990களில் தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியபோதிலும் அப்பணி முழுமை பெறவில்லை. துரைமார் மாறினர், நமது பயம் மட்டும் மாறவில்லை.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இச்சுமை இரட்டிப்பாகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. தப்பியோரில் பல குடும்பங்கள் 2016இல் 75 புதிய வீடுகள் கையளிக்கப்படும் வரை மாகல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையில் தங்கியிருந்தன. மண்சரிவோ, வன்செயலோ, வெள்ளமோ, ஊரைவிட்டு ஓடும்போது அடையாள அட்டையைத் தேடுவோம். கிளினிக் கொப்பி நினைவுக்கு வராது. புதிய இடத்து டொக்டருக்கு நம்மைத் தெரியாது. நமக்கும் அவரைத் தெரியாது. அப்படியானால் நல்ல வைத்தியத்தை எப்படி அறிவது?

அதற்கு வழிசொன்னவரும் இடம்பெயர்ந்த குடும்பமொன்றின் பிள்ளையே. ஆர்மேனியர் மீது நடந்த படுகொலைக்குத் தப்பிய பெற்றோருக்கு 1919இல் பெய்ரூத்தில் பிறந்தவர் அவெடிஸ் டொனபீடியன். பாலஸ்தீனத்தின் ரமல்லாவில் வளர்ந்த இவரின் தந்தையும் ஒரு வைத்தியர். அமெரிக்காவில் பேராசிரியராகிய டொனபீடியன், வைத்தியத்தின் தரத்தை மூன்று பக்கங்களிலிருந்து நோக்கவேண்டும் என 1966இல் எழுதினார். அங்கே என்ன இருக்கிறது? என்ன செய்கிறார்கள்? முடிவில் நோயாளிக்கு என்ன ஆயிற்று? இம்மூன்றையும் நமது டிஸ்பென்சரிக்கும் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, இருப்பது. மருந்து தருபவர் பதிவு பெற்ற டொக்டரா, தோட்ட வைத்திய உதவியாளரா? உதவியாளர் என்பதால் அவரை இழிவாக எண்ணவேண்டாம். தமது எல்லையை அறிந்து, தம்மால் இயலாத நோயாளியை உரிய நேரத்தில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புகிறவர் நல்ல உதவியாளரே. கை கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் உண்டா? பிரஷர் பார்க்கும் கருவி வேலை செய்கிறதா? ஒவ்வொருவருக்கும் புதிய ஊசி பிரிக்கப்படுகிறதா? இரவில் பிரசவ வலி கண்டவளைக் கொண்டுசெல்ல வாகனம் எது?

இரண்டாவது, செய்வது. நாம் சொல்லி முடிக்கும் வரை கேட்கிறாரா? தொட்டுப் பார்க்கிறாரா, வாசலில் நிற்கும்போதே துண்டு எழுதுகிறாரா? என்ன வருத்தம், எந்த மருந்தை எத்தனை நாள் குடிப்பது என்று நமக்கு விளங்கும் மொழியில் சொல்கிறாரா? தாயொருத்தி தனது மாதவிடாய்க் கோளாறைப் பத்து வயது மகனைக் கொண்டு சிங்களத்தில் சொல்விக்க நேர்ந்தால், பாதியை மறைத்துவிடுவாள். மறைத்த பாதியில்தான் நோய் இருக்கும். 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. மொழிபெயர்க்க ஒருவரைத் தரும்படி அரசாங்க வைத்தியசாலையில் கேட்பது பிச்சையல்ல.

இங்கே நமது பழக்கத்தையும் சற்றுப் பார்க்கவேண்டும். ஊசி போடாத டொக்டர் கெட்ட டொக்டர் அல்லர். சாதாரண தடிமனுக்கு அன்ரிபயோட்டிக் வேண்டாம் என்பவர் நமக்கு நன்மையே செய்கிறார். வயிற்றோட்டத்துக்கு முதலில் ஜீவனி கொடுக்கச் சொல்பவரும் அப்படியே. டெங்கு என்று ஐயம் எழும் காய்ச்சலில் டைக்ளோபெனக், ஐபுபுரோபன் போன்ற வலிமாத்திரைகள் உயிருக்கே ஆபத்தாகலாம். இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புபவரை "காசு பிடுங்குகிறார்" என்று உடனே ஏசவேண்டாம்.

மூன்றாவது, முடிவு. ஒருவருக்குச் சுகமானதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பல காய்ச்சல்கள் தாமாகவே தணியும். ஆகவே மாதர் சங்கத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து, மூன்று மாதங்களுக்கு ஒரு கொப்பியில் குறியுங்கள். எத்தனை நாள் டிஸ்பென்சரி பூட்டியிருந்தது? எத்தனை பேர் மருந்தில்லாமல் திரும்பினர்? பிரஷர், சீனி வருத்தக்காரருக்கு அளவு குறைந்ததா? நோயாளிகளின் பெயரை எழுதவேண்டாம், எண்ணிக்கை போதும்.

அந்தக் கொப்பியோடு முதலில் டொக்டரிடமே பேசுங்கள். நூறு பேரைத் தனியாகப் பார்க்கும் களைப்பு அவருக்கும் உண்டு; 2022இன் நெருக்கடியில் மருந்து இல்லாமற்போனது எந்த டிஸ்பென்சரியின் குற்றமுமல்ல. பேச்சு பயன் தராவிட்டால், தோட்ட நிர்வாகத்திடமும் சுகாதார வைத்திய அதிகாரியிடமும் எழுத்தில் கொடுங்கள். பத்துப் பேர் கத்துவதைவிட ஒரு பக்கக் கணக்கு அதிகம் பேசும்.

கிளினிக் கொப்பியையும் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையையும் பொலித்தீன் உறையிலிட்டு, அடையாள அட்டையோடு ஒரே பையில் வையுங்கள். மழைக்கால இரவில் எடுத்துக்கொண்டு ஓடவேண்டிய முதல் பை அதுவே.

நற்செய்தியில் வரும் நல்ல சமாரியன் எண்ணெயும் திராட்சை இரசமும் வைத்திருந்தான், காயத்தைக் கட்டினான், அத்தோடு நில்லாமல், தான் திரும்பி வருவதாகச் சத்திரக்காரனிடம் சொல்லிச் சென்றான். நோயாளி என்ன ஆனான் என்று திரும்பிவந்து பார்க்கும் அக்கறையே நல்ல வைத்தியத்தின் அடையாளம். அதை நமது டிஸ்பென்சரியில் எதிர்பார்க்க நமக்கு உரிமையுண்டு.