பெட்டி படுக்கையில்லாப் பிரயாணி

துப்பறியும் கதை என்றாலே முகஞ்சுளிப்போர் உண்டு. முதல் ஏட்டைத் திறந்தால் கடைசி ஏடு வரை கீழே வையாதோரும் உண்டு. நம் சங்க நூலகத்தில் இவ்விரு சாராரும் ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்துதான் பத்திரிகை படிக்கிறார்கள். ஆதலால், ஜாக் ரீச்சர் என்னும் ஆங்கில நாவல் வரிசையை மேலும் வாங்குவதா, நிறுத்திக் கொள்வதா என்ற கேள்வி நூலகக் குழுவின் முன் வந்தபோது, அபிப்பிராயங்களுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. அவற்றைத் தொகுத்து, என் கருத்தையும் சேர்த்து, அன்பர்கள் முன் வைக்கிறேன்.

ஆசிரியரும் நாயகனும்

லீ சைல்ட் என்பது புனைபெயர். 1954ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள காவென்ட்ரி நகரில் பிறந்த ஜேம்ஸ் கிராண்ட் என்பவரே அவர். மான்செஸ்டரில் தொலைக்காட்சி நிலையமொன்றில் நெடுங்காலம் பணியாற்றி, 1995ல் ஆட்குறைப்பின்போது வேலையிழந்தார். நாற்பது வயதில் வேலை போன குடும்பஸ்தர் என்ன செய்வார்? இவர் காகிதமும் பென்சிலும் வாங்கிக் கொண்டு நாவல் எழுத உட்கார்ந்தார். 'கில்லிங் ப்ளோர்' என்ற அந்த முதல் நாவல் 1997ல் வெளிவந்து பரிசுகளும் பெற்றது. கடையில் உயரத் தட்டிலுள்ள பொருளைப் பிறருக்கு எட்டி எடுத்துக் கொடுக்கும் நெட்டை மனிதர் அவர். எழுத்து பலிக்காவிட்டால் இந்த வேலைக்கே போகலாமென்று மனைவி வேடிக்கையாகச் சொன்னாராம். அதிலிருந்து பிறந்ததே 'ரீச்சர்', அதாவது எட்டி எடுப்பவன், என்ற பெயர். 2024 வரை இவ்வரிசையில் இருபத்தொன்பது நாவல்கள் வந்துவிட்டன.

நாயகன் அமெரிக்க இராணுவப் போலீசில் மேஜராக இருந்து விலகியவன். ஆறடி ஐந்தங்குல உயரம். வீடில்லை, வேலையில்லை, பெட்டியில்லை. சட்டைப் பையில் மடக்கக்கூடிய பல் துலக்கும் பிரஷ் ஒன்று. பிற்கால நாவல்களில் வங்கி அட்டையும் அடையாளச் சான்றும். உடை அழுக்கானால் துவைப்பதில்லை. மலிவாகப் புதிது வாங்கிப் பழையதை எறிந்து விடுவான். பஸ் நின்ற ஊரில் இறங்குவான்; அங்கே எளியவர் எவரேனும் கொடியவரிடம் சிக்கியிருப்பர்; கணக்கைத் தீர்த்துவிட்டு அடுத்த பஸ் ஏறுவான். பாலும் சர்க்கரையுமில்லாக் கறுப்புக் காப்பிதான் அவனுடைய ஒரே பலவீனம். நம்மவர்கள் அதைக் காப்பியென்று ஒப்புக் கொள்வார்களோ, மாட்டார்களோ!

ஆதரிப்போர் கூற்று

ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் இவ்வரிசை முழுவதையும் இரு முறை படித்தவர். எந்த நாவலையும் முன்பின் தெரியாமல் எடுத்துப் படிக்கலாம் என்பது அவர் கூறும் முதற் சிறப்பு. நியாயம் கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்து சலித்தவர்களுக்கு, நானூறு பக்கத்தில் நியாயம் கிடைப்பதே ஒரு மருந்து என்பது இரண்டாவது. கணக்காளர் ஒருவருக்கோ சண்டையைவிடச் சண்டைக்கு முன் நாயகன் போடும் கணக்கே பிடித்திருக்கிறது: எதிரி எத்தனை பேர், யார் முதலில் கை ஓங்குவான், எவன் ஓடிவிடுவான் என்று வரிசையாக யோசித்து முடிப்பதற்குள் நம் நெஞ்சு படபடக்கிறதல்லவா?

எதிர்ப்போர் கூற்று

எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்பது பொதுவான குற்றச்சாட்டு. ஊரின் பெயர் மாறுகிறது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு பெண்ணின் நட்பு மலர்கிறது. நாயகன் மட்டும் மாறாமல் நடந்து போய்விடுகிறான். 2010ல் வந்த '61 அவர்ஸ்' நாவல், அவன் பிழைத்தானா என்பதையே சொல்லாமல் முடிந்தது. அதை நம் ஆசிரியை ஒருவர் இன்னும் மன்னிக்கவில்லை. சட்டத்தைத் தன் கையிலெடுத்துக் கொண்டு, கொன்றபின் வருந்தாதவனை நாயகன் எனலாமா என்றும் அவர் வினவுகிறார். 2019ல் வந்த 'ப்ளூ மூன்' நாவலில் மடிவோரை எண்ணக் கைவிரல்கள் போதா.

2020 முதல் ஆசிரியர் தம் தம்பி ஆண்ட்ரூவுடன் சேர்ந்து எழுதலானார். நாயகன் வழக்கத்துக்கு மாறாக நிரம்பப் பேசுகிறான் என்று பழைய வாசகர்கள் குறைப்படுகின்றனர். 2012லும் 2016லும் வந்த திரைப்படங்களில் டாம் குரூஸ் நடித்தபோது உயரம் போதவில்லை என எழுந்த முணுமுணுப்பு, 2022ல் ஆலன் ரிட்ச்சன் தொலைக்காட்சித் தொடரில் தோன்றியதும் அடங்கிற்று.

இவற்றையெல்லாம்விடக் கனமானது ஓர் அம்மையாரின் ஆட்சேபம். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய மூத்த மகன் வேலையை உதறிவிட்டு, முகவரி சொல்லாமல் நாற்பது நாள் வடக்கே எங்கெங்கோ சுற்றித் திரும்பினான். அதற்கு இந்நாவல்கள் காரணமல்ல என்பதை அவரே ஒப்புக் கொள்கிறார். ஆயினும், ஊர் சுற்றுகிறவனைப் பற்றித்தான் கதை எழுதுகிறார்கள். வாசற்கதவைத் தாழிடாமல் காத்திருப்பவளைப் பற்றி யார் எழுதுகிறார்கள் என்று அவர் கேட்டபோது மேஜையைச் சுற்றியிருந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை.

என் கருத்து

அந்தக் கேள்விக்கு இவ்வரிசையிலேயே பாதி விடை இருக்கிறது என்பது என் எண்ணம். 2004ல் வெளிவந்த 'தி எனிமி' நாவலில், இராணுவப் பணியிலிருக்கும் ரீச்சரும் அவன் அண்ணன் ஜோவும் பாரிஸ் நகரில் தனித்திருக்கும் தாயைக் காணச் செல்கிறார்கள். அவள் பிரெஞ்சுக்காரி, நோய் முற்றியும் மருத்துவம் வேண்டாமென்று முடிவு செய்தவள். இளம் பருவத்தில் அவள் செய்த வீரச் செயலொன்றைப் பிள்ளைகள் அவள் மறைந்த பின்னரே அறிகிறார்கள். துப்பாக்கிச் சத்தமில்லாத அந்தப் பக்கங்களைத் தொலைவில் தாயை விட்டு வந்தவர் எவரும் எளிதில் கடக்க முடியாது. தந்தி, தொலைபேசி, கைப்பேசி என எது வந்தாலும், அகாலத்தில் வரும் செய்திக்கு அஞ்சி வாழும் பிள்ளைகள் அல்லவா நாம்!

அவன் அலைவதற்கும் காரணம் உண்டு. தந்தை அமெரிக்க மரைன் படை வீரர். மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் உலகின் வெவ்வேறு முகாம்களில் பள்ளி மாறிப் படித்தவன் அவன். சொந்த நாட்டை வளர்ந்த பின்புதான் பார்க்கத் தொடங்குகிறான். மாற்றலாகி மாற்றலாகி வளரும் நம் குழந்தைகளிடம் சொந்த ஊர் எதுவென்று கேட்டால் சற்றுத் தயங்குகிறார்களே, அந்தத் தயக்கந்தான் இவனிடம் முரட்டு உருவம் கொண்டிருக்கிறது.

ஆனால் ஒன்று. இரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாயிருக்கும் எனக்கு மூட்டைகளின் கனம் தெரியும். ஊரிலிருந்து திரும்பும் நம் குடும்பங்கள் புளியும் அப்பளமும் காப்பிப்பொடியும் சுமந்து வருவது அறியாமையால் அன்று, விட்டுவர மனமில்லாமையால்தான். வெறுங்கையோடு திரியும் ரீச்சருக்கோ ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் விடியுமுன் எழுந்து காப்பி போட்டுத் தருகிறார். ஒருவர் பஸ் ஓட்டுகிறார். ஒருவர் படுக்கை விரிக்கிறார். நிலைத்து நிற்போர் பலர் இருப்பதால்தான் ஒருவன் நாடோடியாக இருக்க முடிகிறது. 2017ல் வந்த 'தி மிட்நைட் லைன்' இதை உணர்ந்து எழுதப்பட்டது. அடகுக் கடையில் கண்ட சிறு மோதிரம் ஒன்று, கடுமையான இராணுவக் கல்லூரியில் தேறிய ஒரு பெண்ணுடையது. இதை விற்கும் அளவுக்கு அவளுக்கு என்ன துன்பம் நேர்ந்தது என்று அவன் தேடிப் புறப்படுகிறான். அடிதடி அதில் குறைவு, இரக்கம் அதிகம்.

ஆகவே வரிசை முழுவதையும் வாங்க வேண்டியதில்லை. 'கில்லிங் ப்ளோர்', 'தி எனிமி', 'தி மிட்நைட் லைன்' ஆகிய மூன்றையும் வாங்கிப் பெரியவர்களுக்கான அலமாரியில் வைத்தால் போதும். மீதிப் பணம் தமிழ் நூல்களுக்கு ஆகட்டும். வாலிபர்கள் தாராளமாகப் படிக்கலாம். படித்த பின் எங்கேனும் புறப்படத் தோன்றினால், பெட்டி இல்லாமற் போனாலும் பாதகமில்லை. முகவரியை மட்டும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மாற்றுக் கருத்துடைய அன்பர்கள் அடுத்த நூலகக் கூட்டத்துக்குள் குழுவுக்கு எழுதியனுப்பக் கோருகிறேன்.