போர் காயப்படுத்திய உடல்களும் வெயிலும்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலாக உச்சம் கொடுக்கிறது. அடுத்து வருவது மே. முள்ளிவாய்க்கால் நினைவேந்தலில் முதியவர்களும் காயப்பட்டவர்களும் வெயிலில் மணிக்கணக்காக நிற்பதை நான் செய்தியாக்கியிருக்கிறேன். அங்கு ஒருவர் சரிந்தால் "களைப்பு" என்கிறோம். எல்லாச் சரிவும் களைப்பல்ல.

உடலின் உள் வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். சூடு கூடும்போது இரத்தம் தோலை நோக்கிப் பாய்கிறது; வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. இது போதாமல் உள் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டி மூளை தடுமாறத் தொடங்குவதே வெப்பத்தாக்கம். பேச்சுக் குழறும், ஆளை மாறி அழைப்பார், வலிப்பும் வரலாம். சிறுநீரகம், ஈரல், தசை எல்லாம் பழுதாகலாம்.

போரில் காயப்பட்டவர்களிடம் இந்தக் குளிர்விக்கும் ஏற்பாடே சிதைந்திருக்கிறது. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவருக்கு, வியர்க்கச் சொல்லும் மூளையின் கட்டளை காயத்துக்குக் கீழே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. காயம் கழுத்தை நெருங்க நெருங்க, வியர்க்கும் பரப்பும் குறைகிறது. ஆழமாக எரிந்து ஆறிய தழும்பிலும் ஒட்டப்பட்ட தோலிலும் வியர்வை சரியாகச் சுரக்காது. காலை இழந்தவருக்கு வெப்பத்தை வெளியேற்றும் தோற்பரப்பு குறைவு. செயற்கைக் காலுடன் நடக்க அதிக சக்தியும் வேண்டும். அதன் உறைக்குள் சூடு தேங்குகிறது. வியர்க்கவில்லை என்பதால் சூடு ஏறவில்லை என்று இவர்களைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

முதுமையில் தாகமும் மங்குகிறது. பிரஷருக்கு எடுக்கும் சில குளிசைகள் உடல் நீரைக் குறைக்கும். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், வைத்தியரிடம் கேளுங்கள்.

ஒருவர் வெயிலில் தடுமாறினால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை காத்திராமல் நிழலுக்குக் கொண்டு சென்று, மேலாடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, கமக்கட்டு, தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தெளிவில்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். பனடோல் இந்தச் சூட்டைக் குறைக்காது.

நினைவேந்தலோ போராட்டமோ ஒழுங்கு செய்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: சக்கர நாற்காலியில் வருபவருக்கும் ஊன்றுகோலுடன் வருபவருக்கும் முதலில் நிழலை ஒதுக்குங்கள். தண்ணீரும் ஒரு விசிறும் ஈரத் துணியும் அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.