வார்டில் சந்தேகம் வந்தால் கேட்கலாமா? நர்சிங் மாணவர்கள் தயங்குவது ஏன்?

இன்சுலின் சிரிஞ்சில் இரண்டு வகை உண்டு. சிவப்பு மூடி போட்டது, ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் மருந்துக்கு. ஆரஞ்சு மூடி, 100 யூனிட் மருந்துக்கு. இந்தியாவில் இந்த இரண்டு மருந்துமே புழக்கத்தில் இருக்கின்றன. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை எடுத்தால், நோயாளியின் உடம்பில் ஏறுவது 50 யூனிட். சர்க்கரை மடமடவென இறங்கும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

நீங்கள் நர்சிங் படிப்பவர் என்றால் இது வகுப்பில் கேட்ட பாடம்தான். ஆனால் காலை டிபனுக்கு முன்னால் எட்டு பேருக்கு ஊசி போட்டாக வேண்டும், இன்சார்ஜ் சிஸ்டர் போனில் இருக்கிறார், கையில் உள்ள சிரிஞ்ச் மேல் லேசாக ஒரு சந்தேகம். "சிஸ்டர், ஒரு நிமிஷம் இதைப் பாருங்க" என்று கூப்பிடுவீர்களா? "இதுகூடத் தெரியாதா, ஃபர்ஸ்ட் இயர்ல என்னதான் படிச்சீங்க?" என்ற பதிலை நினைத்தே பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. சொல்லிக்கொடுப்பவரே மார்க் போடுகிறார், லாக் புக்கில் கையெழுத்தும் அவருடையதுதான். வேறு மாநிலத்தில் படித்தால் மொழியும் சேர்ந்துகொள்ளும். சீனியர்களையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. நிரம்பி வழியும் வார்டை ஓரிருவராகச் சமாளிப்பவருக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? ஆனால் திட்டினால்தான் வேலை படியும் என்ற நம்பிக்கையை மட்டும் ஏற்க முடியவில்லை. திட்டு வாங்கிய மாணவர் முதலில் கற்றுக்கொள்வது கேட்காமல் இருப்பதைத்தான்.

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். நன்றாகச் செயல்படும் நர்சிங் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தன. அந்தக் குழுக்கள் தவறுகளை மறைக்காமல் பேசின என்பதே அவர் கண்ட விளக்கம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். படிப்பை முடித்து மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யும்வரை நீங்கள் மேற்பார்வையில் வேலை செய்யும் மாணவர். சந்தேகம் கேட்பது உங்கள் பயிற்சியில் ஒரு பகுதி, யாரும் காட்டும் சலுகை இல்லை.

சரி, எப்படிக் கேட்பது? "சிஸ்டர், அந்த அம்மா ஒரு மாதிரி இருக்காங்க" என்றால் "அப்புறம் வர்றேன்" என்ற பதில்தான் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "12-ஆம் பெட் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டுது, கூப்பிட்டா சரியா பதில் இல்ல. காலையில இன்சுலின் போட்டாச்சு, சாப்பிடல. சிபிஜி 58 காட்டுது. நீங்க இப்பவே வரணும்." இப்போது என்ன நடக்கிறது, முன்னால் என்ன நடந்தது, நீங்கள் பார்த்தது என்ன, உங்களுக்கு என்ன வேண்டும். எஸ்பார் என்று பாடத்தில் வருகிற முறை இதுதான். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. ஒருமுறை சொல்லியும் யாரும் அசையவில்லை என்றால் மறுபடி சொல்லுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் உங்கள் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர், டியூட்டி டாக்டர் என்று அடுத்த ஆளிடம் போங்கள்.

உதவி உங்களுக்கே தேவைப்படும் நேரமும் வரும். பயன்படுத்திய ஊசி விரலில் குத்திவிட்டால், "மூடி போடாதேன்னு சொன்னேன்ல" என்ற திட்டுக்குப் பயந்து மறைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து மறைக்காதீர்கள். குத்திய இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். அழுத்திப் பிழிய வேண்டாம், விரலை வாயில் வைக்க வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம். டியூட்டி முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே இன்சார்ஜிடம் சொல்லிவிட்டு டாக்டரைப் பாருங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவையா என்று அவர் முடிவு செய்வார். தேவை என்றால் முதல் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முழுசாகப் போட்டிருக்கிறீர்களா என்பதையும் அப்போதே சொல்லுங்கள். ஊசி எந்த நோயாளிக்குப் போட்டது, எத்தனை மணிக்குக் குத்தியது என்று அங்கேயே குறித்துக்கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.